எல்லை மலையில் ஒரு பங்கர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நாலு வரி எழுதினால் விரல் நோகிற ஆள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டது. நானும் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஸ்காபரோவில் ஓசிப் பத்திரிகை நடத்துகிற சிநேகிதன் ஒருத்தன், நகைக்கடை விளம்பரத்துக்கும் வீடு விற்கிறவரின் சிரித்த முகத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்று கிழமைக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான். "நீ கோப்பிக் கடையில இருந்து அலட்டுறதை அப்பிடியே பேப்பரில அலட்டடா" என்றான். ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கிரிக்கெட் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். அப்படியே போயிருக்கும். ஆனால் போன சனிக்கிழமை ஒரு வாசம் வந்து மூக்கில் ஏறியது.

அன்றைக்குக் கூட வந்தவன் வசந்தன். உங்களுக்கு அவனைத் தெரியாது. டோர்செட் பார்க் அடுக்குமாடியில் ஒரே மெத்தையில் மாறி மாறிப் படுத்த காலத்திலிருந்து எனக்கு அவனைத் தெரியும். அவனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை; அந்த வீட்டில் ஓய்வே இல்லாமல் உழைத்தது மெத்தைதான். இப்போது ஒஷாவாவில் வீடு வாங்கிவிட்டான். பின்வளவில் ரோசாக்கண்டு வைக்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறா. பாத்திக்கு வரம்பு கட்டக் கட்டை வேண்டும், கட்டை தூக்க ஒரு மாடு வேண்டும். அதனால் எனக்கு ரெலிபோன் அடித்தான்.

கெனடி றோட்டில் ஒரு பூக்கண்டுக் கடை. முன்பக்கம் முழுக்க நிறம் நிறமாகப் பூ. பின்பக்கம் போனால், வெயிலில் கறுப்பாக, நீளமாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள். தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகப் போடுவார்களே, அதே கட்டைகள்தான். இங்கே வெள்ளைக்காரர் அதைப் பூப்பாத்திக்குப் போடுகிறார்கள். வெயிலுக்குத் தார் கசிந்து மினுங்கியது. தாரும் புகையும் பழைய எண்ணெயும் கலந்து, தொண்டைக்குள் போய்ச் சப்பாணி கட்டி உட்காருகிற வாசம்.

நான் வசந்தனைப் பார்த்தேன். அவன் கட்டையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தான். நானூற்றொன்று நெடுஞ்சாலையின் வாகன நெரிசலைப் பார்த்து ரேடியோவில் சொல்லுகிற ஹெலிகொப்டர் ஒன்று தடதடத்துப் போனது. போகும்வரை பார்த்துவிட்டுக் குனிந்து கட்டையைத் தட்டினான்.

"உது நல்ல கட்டை. முனை உக்கேல்லை."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். கட்டை பாரமடா என்று சொல்லிச் சமாளித்தேன். அப்போது நான் ஒரு கட்டையைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

எங்கள் ஊரில் சிலிப்பர் கட்டைக்கு வேறு வேலை இருந்தது. ரயில் ஓடின காலத்தில் ஸ்ரேசன் பக்கமே போகாத சனமெல்லாம், சண்டையில் ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைத் தேடிப் போனது. குண்டுக்கு ஒளிய நிலத்தில் பங்கர் வெட்டி மேலே மூடுவதற்குச் சிலிப்பர் கட்டையைப் போல ஒரு சாமான் உலகத்தில் இல்லை. வசந்தனின் வீடு சுன்னாகத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே. அவனும் தகப்பனும் கழற்றி வந்த கட்டைகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, வளைந்த வாசல் வைத்து ஒரு பங்கர் செய்தார்கள். பக்கத்து வளவுக்காரர் பிந்திவிட்டார்கள். கட்டை கிடைக்காமல் தென்னங்குற்றி போட்டார்கள். ஒரு பின்னேரம் பொம்பர் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. வசந்தன் வீட்டார் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்து வளவில் ஒருவரும் வரவில்லை.

இவ்வளவுதான் அவன் எனக்குச் சொன்னது, அதுவும் ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சிலிப்பர் கட்டை என்றால் அவனுக்குச் சாமி மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வழி தவறிப் போனாலும் இங்கேதான் திரும்பி வருவேன்.

வழி தவறுவது என்றதும் பீற்றர் அண்ணையின் வான் வண்டி ஞாபகம் வருகிறது. பீற்றர் அண்ணை மன்னார்க்காரர், எங்களுக்கு முன்னமே கனடா வந்தவர். கண்ணாடிக்கு முன்னால் செபமாலை ஆடும்; வழி தெரியாமல் போனால் அதைத் தொட்டுவிட்டு எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் திருப்புவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வசந்தகாலம், எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, மீன்பொரியல் வாசத்துக்கு நடுவில் நின்று சொன்னார்.

"தம்பியவை, தண்டவாளம் போடுற வேலை. மலை, காடு, ஏரி. சாப்பாடும் படுக்கையும் அவங்கட."

"அண்ணை, எங்களுக்குக் கழட்டத்தான் தெரியும். போடத் தெரியாது" என்றேன் நான்.

"கழட்டினதை மறுவளமாச் செய்யடா. உது பெரிய வேலையே?"

வசந்தன் மட்டும் ஒன்று கேட்டான். "அண்ணை, மரக் கட்டையோ, கொங்கிறீற்றோ?"

"மரக் கட்டைதான்."

"அப்ப நான் வாறன்."

சுப்பீரியர் ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனோம். போகப் போக வீடுகள் குறைந்தன, பிறகு மின்கம்பம் குறைந்தது, பிறகு ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது. கறுத்த மரங்களும் கல்மலையும்தான் மிச்சம். வானுக்குள் அவ்வளவு நேரம் பகிடி விட்டுக்கொண்டிருந்த எனக்கே நாக்கு வறண்டது. மனிதர் இல்லாத இடம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ நடந்து, சனம் எழும்பிப் போய்விட்டது. இங்கே முதலிலிருந்தே சனம் இல்லை என்பதை நம்ப எனக்கு நெடுநாள் எடுத்தது.

வேலை என்னவென்றால், அமெரிக்க எல்லையோரமாக ஒரு மலைத்தொடர். இந்தப் பக்கம் மரம் அரிகிற ஊர்கள் சில, மலைக்கு அந்தப் பக்கம் துறைமுகம். நடுவில் வழி இல்லாததால் ஒரு நோயாளியைக் கொண்டுபோவதென்றாலும் மலையைச் சுற்றி நாள் முழுக்க ஓட வேண்டும். மலையை வெட்டி ரயில் விட்டால் எல்லா ஊரும் ஒன்றாகிவிடும் என்று கம்பெனி ஆள் ஒருத்தர் படம் விரித்துக் காட்டினார். எனக்கு அதில் விளங்கியது சிவப்புக் கோடு ஒன்றுதான். மிச்சத்தை விளங்க வைத்தவ ஏரிக்கரையில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு மனுசி. தகரத்தில் அடைத்த ரின்மீன் வாங்கப் போகிற நேரமெல்லாம் கேட்பா, "ரயில் எப்ப வரும்?" மலைக்கு அங்கால் அவவின் தங்கச்சி இருந்தா. முகத்தைப் பார்த்துக் கனகாலமாம். எப்போது வரும் என்று எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த இங்கிலிசில் "சூன், சூன்" என்பேன். அவவும் நம்பி ஒரு சொக்கிலேற் கூடத் தருவா.

பயப்பட அங்கே ஒன்றா இரண்டா! முதலில் கரடி. இரண்டாவது, கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் பூந்து கடிக்கிற கறுப்பு ஈ. மூன்றாவது எல்லை. மலைமேலே காட்டை நேர் வகிடு எடுத்த மாதிரி வெட்டி விட்டிருப்பார்கள், அதுதான் எல்லை. வேலியும் இல்லை, காவலும் இல்லை. பீற்றர் அண்ணை முதல் நாளே எங்களை நிறுத்தி அதைக் காட்டினார்.

"உந்த வெட்டைக்கு அங்கால கால் வைச்சியளெண்டால் அகதிக் கேஸ் முடிஞ்சுது. கரடி துரத்தினாலும் இஞ்சாலதான் ஓட வேணும்."

"கரடி அங்கால துரத்தினா, அண்ணை?"

"கரடிக்குச் சொல்லு, எனக்குக் கேஸ் இருக்கெண்டு."

ஆனால் எல்லாவற்றையும் விட எங்களைக் கொன்றது ஹெலிதான். நிலம் அளக்கிறவர்களையும் சாமான்களையும் கொண்டு கிழமைக்கு ஒன்றோ இரண்டோ தரம் ஒரு ஹெலிகொப்டர் வரும். முதல் தடவை அது மலைக்குப் பின்னாலிருந்து தடதடவென்று தலை காட்டியபோது நாங்கள் கட்டை சுமந்துகொண்டு வரிசையில் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த நொடி வரிசை இல்லை. அத்தனை பேரும் முகம் குப்புற நிலத்தில். வயிறும் நெஞ்சும் மண்ணில் படாமல் முழங்கையில் தாங்கி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊரில் ஹெலி வந்தால் மேலிருந்து சுடும்; பழகின உடம்பு தானாகச் செய்தது.

தலையைத் தூக்கினால், கென் நின்றுகொண்டு எங்களைப் பார்க்கிறார். கென் எங்களை வேலை வாங்குகிற போர்மன். சிவந்த கழுத்து, பெரிய வயிறு, கெட்டவர் இல்லை. எங்கள் சமயத்தில் ஹெலிகொப்டருக்கு விழுந்து கும்பிடுகிற வழக்கம் உண்டோ என்று பீற்றர் அண்ணையிடம் மரியாதையாகக் கேட்டாராம். அண்ணை என்ன சொன்னாரோ தெரியாது. பிறகு கென் ஹெலி வருகிற நாளில் காலையிலேயே எங்களுக்குச் சொல்லிவிடத் தொடங்கினார்.

சொன்னால் மட்டும்? நான் சிரித்துக்கொண்டு எழும்பினேன், பகிடியும் விட்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதை இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

வசந்தன் வேறு விதமாகச் சமாளித்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவனைக் காணக் கிடைக்காது. ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். மலை வெட்டுகிற இடத்துக்குக் கீழே, மண்மேட்டின் பக்கவாட்டில், பாதைக்கு உதவாது என்று ஒதுக்கின சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணும் கல்லும் போட்டு, வளைந்த வாசல் வைத்து ஒரு பங்கர். சுன்னாகத்துப் பங்கரை அப்படியே தூக்கி வந்து கனடா மலையில் வைத்த மாதிரி. உள்ளே இருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது.

"என்ன ஐயா, வீடு குடிபூரலோ? பால் காய்ச்சேல்லையோ?" என்றேன்.

"உனக்கும் இடம் வைச்சிருக்கிறன். வாயை மூடிக்கொண்டு வா."

நான் உள்ளே போனேன். இருட்டு, குளிர்ச்சி, தார் வாசம். சொன்னால் சிரிப்பீர்கள், வான் ஏறின நாள் தொடக்கம் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? வெளியே வந்ததும் அந்தப் பங்கருக்கு 'வசந்த மாளிகை' என்று பேர் வைத்தேன். ஹெலி வந்து போகிற ஒவ்வொரு தடவையும், "மாளிகையில சொகுசு எப்பிடி?" என்று கேட்பேன். அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான்.

அதோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஆனால் அவன் கட்டினபோது கல் உடைக்கிற வெடி எங்கோ மலையின் அந்தப் பக்கத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. மலையை வெட்ட வெட்ட அதுவும் நகர்ந்தது. கோடை நடுவில் பார்த்தால், வெடி மெல்ல மெல்லப் பங்கரை நோக்கி நடந்து வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் பட்டது, மண்டையில் படவில்லை.

வெடி வைக்கிற நாளுக்குக் கென்னின் சட்டம் ஒன்று இருந்தது. கல்லில் துளை போட்டு, வெடிமருந்து இறக்கி, வயர் பூட்டி முடிந்ததும் சைரன் ஊதும். சைரன் கேட்டால் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே நடந்து வர வேண்டும். ஓடக்கூடாது, ஒளியக்கூடாது. தூரத்தில் நிற்கிற ட்ரக்குகளுக்குப் பின்னால் வந்து கென்னின் கண்ணில் பட வேண்டும். அவர் தலைகளை எண்ணி முடித்தால்தான் வெடி. ஊரில் சத்தம் கேட்டால் நிலத்துக்குள்ளே போ. இங்கே சத்தம் கேட்டால் வெளியே வா. எங்கள் மூளைக்கு இது நன்றாக விளங்கியது. காலுக்குத்தான் விளங்கவில்லை.

அந்த நாள் விடிந்ததிலிருந்து ஒரே புழுக்கம். ஏரிப் பக்கம் மழை இருட்டு ஏறிக்கொண்டு வந்தது. மின்னல் வந்தால் வயர் பூட்டின மருந்து தானாகவே வெடிக்கும் என்பதால், அதற்கு முன்னம் வெடித்து முடிக்க வேண்டும் என்று வெடிக்காரர் அந்தரப்பட்டார். எல்லாம் பூட்டி முடித்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், மழைக்குப் பயந்து திரும்புகிற ஹெலி எங்கள் தலைக்கு மேலே தாழப் பதிவாகப் போனது. நான் நின்ற இடத்திலேயே குந்தினேன். அது போய் முடியவும் சைரன் ஊதவும் சரியாக இருந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் ட்ரக் பக்கம் நடந்தேன்.

கென் எண்ணினார். திரும்ப எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

காட்டுக்குள் ஒதுங்கியிருப்பான், கூப்பிட்டால் வருவான் என்று கென் நினைத்தார். திரும்பவும் சைரனை ஊதச் சொன்னார். அப்போதுதான் நான் சுற்றிப் பார்த்தேன். வசந்தன் இல்லை.

"அண்ணை, ஊத வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! ஊத ஊத அவன் உள்ளுக்குத்தான் போவான்!"

"எங்கயடா உள்ளுக்கு?" என்றார் பீற்றர் அண்ணை.

"பங்கருக்குள்ள!"

கென்னுக்கு அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது. "பங்கர்? வட் பங்கர்?" நான் கையால் காட்டினேன். வெடி வயர் மலையிலிருந்து இறங்கி வருகிற இடத்துக்குக் கிட்ட, மண்மேட்டில் ஒரு கறுத்த ஓட்டை. கென்னின் சிவந்த கழுத்து வெள்ளையானதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் ஓடத் தொடங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை, கால் ஓடியது. கென் கொலரில் பிடித்து இழுத்து விழுத்தினார். மேலே மருந்து, வானத்தில் இடி. ஒருவரும் அங்கே போகக்கூடாது. அவன் தானாக வர வேண்டும். வெடிக்காரர் வயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார், ஆனால் மின்னலுக்கு யார் சொல்வது? ஏரிப் பக்கம் ஒருதரம் முழங்கியது. மலை அதை வாங்கித் திருப்பி முழங்கியது. பீரங்கி ஷெல் குத்துகிற சத்தத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு இப்போது எது கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

கென் கை ஒலிபெருக்கியைத் தூக்கி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இங்கிலிசில் ஒரு ஆண்குரல், இயந்திரக் குரல். யோசித்துப் பாருங்கள், பங்கருக்குள் இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று. பீற்றர் அண்ணை அதைப் பறித்து என் கையில் தந்தார்.

"நீ கூப்பிடு. உன்ர சத்தம் அவனுக்குத் தெரியும்."

"வசந்தன்! ஹெலி போட்டுது! வெளியில வாடா!"

ஒன்றும் இல்லை. திரும்ப இடி.

"டேய், சோறு ஆறுது! மாளிகையை விட்டு இறங்கடா!"

எனக்குத் தெரிந்த பகிடியெல்லாம் விட்டேன். அந்த ஓட்டை அப்படியே கறுப்பாக இருந்தது. மழையின் முதல் துளி தொப்பியில் விழுந்தது. மலைக்கு மேலே ஒரு மின்னல் வெட்டி அணைந்தது. யாரோ பின்னால் அந்தோனியாரே என்றார்கள், பீற்றர் அண்ணையாகத்தான் இருக்கும்.

பங்கருக்குள் போன ஒருத்தனை வெளியே எடுக்கிற சொல் ஒன்றுதான் உண்டு. ஹெலிக்கும் பொம்பருக்கும் ஷெல்லுக்கும் உள்ளே இரு. ஆனால் துவக்கோடு நடந்து வருகிறவனுக்கு உள்ளே இருக்கக்கூடாது; அவன் பங்கருக்குள் குண்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவான். அந்தச் சொல்லைக் கேட்டால் கிழவர் கிழவிகூட எழும்பி ஓடும். பகிடிக்குக்கூட ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிற நான்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

ஒலிபெருக்கியை வாயில் வைத்தேன்.

"ஆமி வாறான்! வசந்தன், ஆமி வாறானடா! அந்தப் பக்கத்தால இறங்கிட்டான்! வெளிக்கிடு! இஞ்சால ஓடி வா! ஓடி வா!"

அது பழைய ஒலிபெருக்கி. குரலைக் கரகரப்பாக்கி, இழுத்து, உடைத்துத்தான் வெளியே விடும். நான் சிங்கம் மாதிரிக் கத்தினேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மலைகள் நாலு பக்கத்தாலும் திருப்பிச் சொல்லின, ஆமி வாறான், ஆமி வாறான் என்று. அமெரிக்காவுக்கும் கேட்டிருக்கும். என் சத்தத்துக்கு நானே திரும்பி எல்லைப் பக்கம் பார்த்தேன். பொய் சொன்னவனே திரும்பிப் பார்த்தேன் என்றால் யோசித்துப் பாருங்கள்.

கறுத்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிறகு தலை. குனிந்தபடி வெளியே பாய்ந்து, கல்லிலும் வேரிலும் தடக்குப்பட்டு விழுந்து எழும்பி, நேரே எங்களைப் பார்த்து ஓடி வந்தான். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒருதரமும் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் என்னை இடித்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு முகத்துக்குள் முகத்தை வைத்துக் கேட்டான்.

"உனக்கு என்னடா? உனக்கு என்ன நடந்தது?"

பயத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். கென் அவனையும் என்னையும் சேர்த்து ட்ரக்குக்குக் கீழே தள்ளினார். வெடிக்காரர் வயரைப் பூட்டினார். நிலம் ஒருதரம் எழும்பி அமர்ந்தது. கல்மழை ட்ரக்கின் தகரத்தில் கொட்டியது. பிறகுதான் உண்மையான மழை வந்தது.

மழை விட்ட பிறகு எல்லாருமாகப் போய்ப் பார்த்தோம். சிலிப்பர் கட்டை ஒன்றுகூட முறியவில்லை. வசந்தன் நம்பினது சரிதான். ஆனால் வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில், ட்ரக் அளவில் ஒரு பாறை வந்து இருந்தது. கென் தொப்பியைக் கழற்றிப் பாறையைத் தடவிப் பார்த்தார். ஏசுவார், இரண்டு பேரையும் வானில் ஏற்றி அனுப்புவார் என்று நின்றோம். அவர் வசந்தனின் முதுகில் ஒருதரம் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஹெலி வந்தால் கென்னே வந்து வசந்தனுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார், சிகரெட் பற்ற வைத்தபடி, வேறெங்கோ பார்க்கிற மாதிரி.

அன்றைக்குப் பிறகு 'வசந்த மாளிகை' என்று நான் சொல்லவில்லை. அவனும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் தண்டவாளம் மலையைக் கடந்தது. ரயில் வருவதற்கு முன்னம் எங்களை வானில் ஏற்றி ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் போட்ட பாதையில் ரயில் ஓடினதை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

இப்போது அங்கே பார்க்கவும் ஒன்றும் இல்லை. பீற்றர் அண்ணை போன வருசம் யாரையோ ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மரம் அரிகிற ஆலையைப் பூட்டிவிட்டார்களாம். ரயில் சில வருசம் ஓடி நின்றுவிட்டதாம். தண்டவாளத்தைக் கழற்றி இரும்புக்கு விற்று, கட்டைகளை லொறி லொறியாகத் தெற்கே அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் கையை எடுத்தாலும் உலகம் கழற்றுகிற வேலையைத் தானே செய்துகொள்கிறது. ஏரிக்கரைக் கடை பலகை அடித்துக் கிடந்ததாம். ரயில் ஓடின காலத்தில் தங்கச்சியிடம் போன மனுசி திரும்பி வரவில்லை என்று பக்கத்து ஊரில் சொன்னார்களாம். அவவுக்கு மட்டுமாவது அந்தச் சிவப்புக் கோடு உதவியிருக்கிறது. 'சூன், சூன்' என்று நான் சொன்னது முழுப்பொய் இல்லை.

டோர்செட் பார்க் வீட்டில் இப்போது யாரோ குடும்பம் இருக்கிறது. நாங்கள் மாறி மாறிப் படுத்த மெத்தை எந்தக் குப்பையில் போனதோ. கூட இருந்த பெடியள் றிச்மண்ட் ஹில் வரைக்கும் சிதறிப் போனார்கள். சுன்னாகத்திலும் பாதை இல்லை, கட்டை இல்லை. பங்கர் இருந்த வளவில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கிற அன்று கொம்பியூட்டரெல்லாம் நின்று உலகம் இருண்டுவிடும் என்று சனம் பேஸ்மென்ற்றில் ரின்மீனும் தண்ணீரும் அடுக்குகிறது. வசந்தனின் பேஸ்மென்ற்றைப் போய்ப் பார்த்தேன். பிள்ளையின் முச்சக்கர சைக்கிள் ஒன்றுதான் நின்றது. சிலிப்பர் கட்டைகள் வெளியே, வெயிலில், ரோசாக்கண்டைச் சுற்றி. எந்த மலையில் கிடந்து வந்த கட்டைகளோ, எனக்குத் தெரியாது. அவற்றின் வாசமும் ஒரு மாரி போனால் போய்விடும் என்று கடைக்காரன் சொன்னான்.

எழுதி முடித்துவிட்டு வசந்தனுக்கு ரெலிபோன் அடித்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பங்கரை எழுதிவிட்டேன், ஆமி வாறான் என்று பொய் சொல்லி உன்னைப் பேய்க்காட்டினதையும் எழுதிவிட்டேன், பேப்பரில் போடட்டோ என்று கேட்டேன்.  பின்னால் பிள்ளை சைக்கிள் மணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான்:

"போடு, ஆனா அண்டைக்கு நான் வெளியில வந்தது ஆமிக்குப் பயந்தில்லையடா, நீ அழுறது கேட்டு."